பதினான்காம் எண் ரத்தம்

டீப் ஃப்ரீசர் அலறத் தொடங்கியபோது ஹம்சவேணியின் டிபன் பாக்ஸில் இன்னும் இரண்டு இட்லி மீதம் இருந்தது. கையைக் கழுவக்கூடத் தோன்றவில்லை. அப்படியே எழுந்து ஓடினாள்.

திங்கட்கிழமை, பகல் பதினொன்றரை மணி. மதுரையில் அந்த 2008 ஜூலையில் கரண்ட் போவது ஒரு செய்தியே இல்லை. அது போனால் ஐந்து நிமிடத்தில் ஜெனரேட்டர் உறுமும், விளக்கு எரியும். இன்றைக்கு உறுமல் வரவில்லை. ஃப்ரீசரின் அபாய மணி மட்டும் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. மைனஸ் எண்பதில் நிற்க வேண்டிய எண் மைனஸ் எழுபத்தொன்றைக் காட்டியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுபது ஆயிற்று.

"அண்ணே, ஜெனரேட்டர் என்னாச்சு?"

"பட்டனை அமுக்கிட்டேன். இருமுது, எந்திரிக்க மாட்டேங்குது. பேட்டரி போயிருக்கு," என்று மாடிப்படியிலிருந்து ராஜகுருவின் குரல் வந்தது.

ராஜகுரு அந்த ஆய்வுக்கூடத்தின் டெக்னீஷியன். இருபது வருடமாக மற்றவர்கள் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவர். ஹம்சவேணி அங்கே நான்கு வருடமாக டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவள். இருவரும் சௌராஷ்டிரர்கள். சாதாரண நாளில் தமிழில் பேசிக்கொள்வார்கள். பதற்றம் வந்தால் வீட்டுப் பேச்சு வந்துவிடும். இப்போது இருவரும் வீட்டுப் பேச்சில்தான் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"கதவைத் திறக்காம இருந்தா மூணு மணி நேரம். அதுக்கு மேல எனக்குப் பயமா இருக்கு அண்ணே."

ராஜகுரு யோசிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "மாட்டாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து ராஜகுருவும் அவர் நண்பர் உக்கிரபாண்டியும் ஒரு அலுமினியக் கேனைக் குழந்தையைப் போலப் பிடித்து இறக்கினார்கள். பசுக்களுக்குச் சினை ஊசி போடுவதற்கான சரக்கைத் திரவ நைட்ரஜனில் வைத்திருக்கும் கேன் அது. உக்கிரபாண்டி மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர்.

"உள்ள இருந்ததை வேற கேனுக்கு மாத்திட்டோம்மா. தைரியமா வைங்க. ராசியான கேனு. மேலூர்ப் பக்கம் முன்னூறு கன்னுக்குட்டி இதுல இருந்து வந்ததுதேன்," என்றார் உக்கிரபாண்டி.

"எனக்குக் கன்னுக்குட்டி வேணாம், டாக்டர் பட்டம் வந்தாப் போதும்."

"அதுவும் வரும், அதுவும் வரும். மாப்ள, மூடியை மெதுவாத் திற. கையில பட்டுச்சுன்னா தோலு உரிஞ்சு போகும்."

ஃப்ரீசரில் இருந்தது ஹம்சவேணியின் நான்கு வருடம். இருபத்துநான்கு நோயாளிகளிடம் இதுவரை மும்மூன்று முறை எடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள், சுண்டுவிரல் அளவு குழாய்களில். ஒரே ஃப்ரீசரில், பக்கத்துத் தட்டில், இன்னொரு ஆராய்ச்சியாளர் சேர்த்து வைத்திருந்த கர்ப்பிணிப் பெண்களின் குழாய்களும் இருந்தன. தடித்த கையுறை போட்டுக்கொண்டு ராஜகுரு எடுத்து எடுத்துக் கொடுக்க, அவள் வாங்கி வாங்கி கேனுக்குள் இறக்கினாள். புகையாய் ஆவி எழுந்தது. அவசரத்தில் இரண்டு பெட்டிகளின் மூடி கழன்று சில குழாய்கள் உருண்டன. பொறுக்கிப் போட்டார்கள்.

இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. எதுவும் உருகவில்லை. உக்கிரபாண்டி ஒரு டீ குடித்துவிட்டு, கேனை மறுநாள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

அன்று மாலை ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் சௌரிராஜன் வந்தார். ஹம்சவேணியின் வழிகாட்டியும் அவர்தான். நடந்ததைக் கேட்டு, "உருண்டுபோன குழாய்கள் சரியான இடத்துக்குத்தான் திரும்பி வந்ததா? வெள்ளிக்கிழமை ஆராய்ச்சிக் கமிட்டி முன்னால் நீ பேசணும். அதுக்கு முன்னாடி ஒவ்வொரு குழாயும் யாருடையதுன்னு ஒரு தடவை பார்த்துடு," என்றார்.

"பார்த்துடறேன் சார்."

"குறிப்பா பதினாலு."

அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். பதினான்கை நினைக்காமல் அவள் நான்கு மாதமாக ஒரு வேளை சோறு சாப்பிட்டதில்லை.

அவளுடைய ஆராய்ச்சி ஹெபடைடிஸ் பி பற்றியது. கல்லீரலில் வருடக்கணக்காகக் குடியிருக்கும் வைரஸ். அதற்குத் தினம் ஒரு மாத்திரை உண்டு; விலை அதிகம், ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் இலவசம். மாத்திரை சாப்பிட்டால் ரத்தத்தில் வைரஸ் குறையும். இது எல்லோருக்கும் தெரிந்தது. வைரஸ் குறையும்போது நம் உடம்பின் மரபணுக்கள் என்ன செய்கின்றன என்பதுதான் ஹம்சவேணியின் கேள்வி. ஓர் உயிரணுவுக்குள் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் இருக்கின்றன. எல்லாம் எப்போதும் வேலை செய்வதில்லை. கரண்ட் மீட்டர் ஓடும் வேகத்தைப் பார்த்து, இந்த வீட்டில் எத்தனை மின்விசிறி ஓடுகிறது என்று சொல்வதைப் போல, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று அளந்து சொல்ல முடியும். கிருமியை எதிர்க்கும் பன்னிரண்டு மரபணுக்களை அவள் தேர்ந்தெடுத்திருந்தாள். நெடுநாள் நோயில் அவை சோம்பிக் கிடந்தன. மாத்திரை தொடங்கிப் பன்னிரண்டு வாரத்தில் இருபத்துமூன்று பேருக்கும் அவை விழித்துக்கொண்டன.

ஒருவருக்கு மட்டும் விழிக்கவில்லை. அவர் பதினான்காம் எண். பெயர் பேயாண்டி, வயது நாற்பத்தாறு, உசிலம்பட்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் விவசாயம். ரத்ததான முகாம் ஒன்றில் ரத்தம் கொடுக்கப் போய், அங்கே நோய் இருப்பது தெரிந்து வந்தவர். அவர் வைரஸ் எண்ணிக்கை தொடக்கத்தில் கோடியில் இருந்தது, பன்னிரண்டாம் வாரத்திலும் கோடியிலேயே நின்றது. மரபணுக்கள் அசையவில்லை. மாத்திரை இவருக்கு வேலை செய்யவில்லை என்று எல்லோரும் எழுதிவிட்ட நேரத்தில், இருபத்துநான்காம் வாரத்து ரத்தத்தில் அத்தனையும் மாறியிருந்தது. வைரஸ் சில நூறுகளுக்கு விழுந்திருந்தது. பன்னிரண்டு மரபணுக்களும் ஒரே பாய்ச்சலாக எழுந்து நின்றன.

பன்னிரண்டு வாரம் தூங்கிவிட்டுப் பிறகு விழிக்கும் உடம்பு ஒன்று உண்டு. இதை யாரும் இதுவரை எழுதியதில்லை. ஹம்சவேணியின் ஆராய்ச்சியில் புதிதாக ஏதாவது இருந்தது என்றால் அது பதினான்குதான். அது நின்றால் பட்டம் நிற்கும், வெளிநாட்டுப் பத்திரிகையில் கட்டுரை வரும். அது விழுந்தால் மற்ற இருபத்துமூன்று பேர் சொல்வது ஏற்கெனவே நாலு பேர் சொன்ன கதை.

செவ்வாய்க்கிழமை சோதனையைத் தொடங்கினாள். சோதனை எளிமையானது. பெண்களின் உயிரணுவில் மட்டுமே வேலை செய்யும் மரபணு ஒன்று இருக்கிறது. ஆணிடம் அது வாயே திறக்காது. ஹம்சவேணியின் நோயாளிகள் இருபத்துநான்கு பேரும் ஆண்கள். மாதச் சுழற்சியால் அளவுகள் ஏறி இறங்கும் என்று பெண்களைச் சேர்க்க வேண்டாமென்று கமிட்டி முதலிலேயே முடிவு செய்திருந்தது. ஆகவே அவள் குழாயில் பெண் மரபணு பேசினால், அது பக்கத்துத் தட்டிலிருந்து உருண்டு வந்த கர்ப்பிணியின் குழாய் என்று அர்த்தம்.

மாலை ஐந்து மணிக்குக் கம்ப்யூட்டர் திரையில் கோடுகள் தட்டையாகப் படுத்திருந்தன. எழுபத்தோரு குழாய்களில் மௌனம். ஒன்று மட்டும் மலை மாதிரி எழுந்து நின்றது.

பதினான்காம் எண். இருபத்துநான்காம் வாரம்.

"மாத்திட்டோம் அண்ணே. அன்னைக்கு உருண்டதுல மாறிடுச்சு," என்றாள்.

ராஜகுரு திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "அது உருளலையே ஹம்சா. அந்தப் பெட்டியை நான்தான் முழுசா எடுத்துக் குடுத்தேன்," என்றார்.

"பின்ன இது எப்படி?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

அவளுக்கு ஒரு வழி இருந்தது. இதே ரத்தத்திலிருந்து ஏப்ரல் மாதம் எடுத்த நகல் ஒன்று எதிர் அறையின் சின்ன ஃப்ரிட்ஜில் இருந்தது. அது திங்கட்கிழமைக் கலவரத்தில் இடத்தை விட்டே நகரவில்லை. புதன்கிழமை அதை எடுத்துச் சோதித்தாள். அதே மலை எழுந்தது.

குழாய் மாறவில்லை. ரத்தமே ஒரு பெண்ணுடையது.

சௌரிராஜன் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. "ரத்தம் எங்கே எடுத்தது?" என்று மட்டும் கேட்டார்.

ஹம்சவேணி பதிவேட்டைப் பார்த்தாள். வழக்கமாக நோயாளிகள் மதுரைக்கு வந்து ரத்தம் கொடுப்பார்கள். அந்த முறை மட்டும் பேயாண்டி வர முடியாமல், ராஜகுரு கிராமத்துக்கே போய் எடுத்து வந்திருந்தார். மார்ச் மாதம், மாசித் திருவிழா சமயம்.

"நாளைக்கு நீயே போய்ப் பார்த்துட்டு வா. வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு உண்மை வேணும். எதுவா இருந்தாலும்," என்றார் சௌரிராஜன்.

வியாழக்கிழமை காலை ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகரும் நேரத்தில் ராஜகுரு ஐஸ் பெட்டியும் ஊசிப் பையுமாக ஏறி, அவள் பக்கத்தில் இடம் விட்டு அதே சீட்டில் உட்கார்ந்தார். அவரை அவள் கூப்பிட்டிருக்கவில்லை.

பஸ் செக்கானூரணி வந்தது. அங்கே ஒரு கூட்டம் இறங்கி பஸ் காலியானதும் அவரே ஆரம்பித்தார்.

"அந்த ஆளு கோயில் சாமியாடி. நான் போன அன்னைக்குக் கையில காப்புக் கட்டியிருந்தாரு. காப்புக் கட்டிட்டா முகச்சவரம்கூடக் கிடையாதாம். உடம்புல இருந்து ஒரு சொட்டு ரத்தம் சிந்தக் கூடாதாம். எட்டு நாள் கழிச்சு வாங்கன்னு சொன்னாரு. ஊசி எடுத்தா வீட்டை விட்டே எந்திரிச்சுப் போயிடுவாரு போல இருந்துச்சு."

"எட்டு நாள் கழிச்சுப் போயிருக்கலாமே?"

"ரெண்டு நாளுக்கு மேல தள்ளிப்போனா அந்த ஆளைக் கணக்குல சேர்க்கக் கூடாதுன்னு நீதானே சொல்லி வச்சிருந்தே. ஏற்கெனவே பேரையூர் ஆளு பாதியில நின்னு, புதுசா ஒருத்தரைச் சேர்த்து ஒப்பேத்தினோம். இன்னொருத்தர் குறைஞ்சா கமிட்டி ஒத்துக்காதுன்னு அன்னைக்கு நீ லேப்ல உட்கார்ந்து அழுதுக்கிட்டு இருந்தே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவர் சம்சாரம் பக்கத்துல நின்னுச்சு. கையை நீட்டி, எம்புட்டு வேணுமோ எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொல்லுச்சு. எடுத்துட்டேன். இருபத்துநாலு பேர்ல ஒருத்தர், கூட்டத்தோட கூட்டமாப் போயிடும்னு நினைச்சேன். நீ அதையே தூக்கித் தலையில வச்சுக்கிட்டு ஆடுவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? பதினாலு, பதினாலுன்னு நீ குதிச்சப்பல்லாம் நான் எந்திரிச்சு வெளிய போயிடுவேன். சொல்ல வாய் வரலை."

"இருபது வருஷ சர்வீஸ் அண்ணே உங்களுக்கு."

"தெரியும். சௌரிராஜன் சார்கிட்ட நானே சொல்லிக்கறேன். நீ இதுல வர வேணாம்."

அவளுக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் அது முழுசாக நிற்கவில்லை. மானாவாரிக் காடுகள் வெறுமையாக ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று தீர்ந்துவிட்டது. பன்னிரண்டு வாரம் தூங்கி எழுந்த உடம்பு என்று ஒன்று உலகத்தில் இல்லை. நாளைக்குக் கமிட்டி முன் அவள் அதைத்தான் சொல்ல வேண்டும்.

உசிலம்பட்டியில் இறங்கி டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் அவளுக்கு வேறொன்று உறுத்தியது. பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினாள்.

"அண்ணே, அந்த அம்மா நல்ல உடம்புக்காரங்கன்னா ரத்தத்துல வைரஸ் சுத்தமா இருந்திருக்கக் கூடாது. இதுல சில நூறு இருக்கு."

"அப்ப அந்த அம்மாவுக்கும் நோய் இருக்கு."

"நோய் இருந்து வைத்தியம் இல்லைன்னா கோடியில இருக்கணும். இது நம்ம மத்த ஆளுங்களுக்கு மாத்திரை வேலை செஞ்ச பிறகு இருக்கற அளவு. பன்னெண்டு மரபணுவும் அதே அளவுல நிக்குது."

ராஜகுரு தலையைச் சொறிந்தார். டவுன் பஸ் வந்தது.

பேயாண்டியின் வீடு ஊருக்கு முதலிலேயே இருந்தது. ஓட்டு வீடு, பின்னால் கிணறு. முற்றத்தில் நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. பேயாண்டி ஒல்லியான மனிதர், மீசை மட்டும் பெரியது. இவர்களைப் பார்த்ததும் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"வாங்க தாயி, வாங்கண்ணே. அடுத்த மாசந்தேன் ரத்தம்னு சொன்னீக? இப்பவே வந்துட்டீக."

"ஒரு சந்தேகம். அதைக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

கிணற்றடியிலிருந்து ஒரு பெண் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடங்களோடு வந்தாள். பேயாண்டியின் மனைவி சின்னத்தாய். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்காமல் உள்ளே போய் இரண்டு சொம்பு மோர் கொண்டு வந்தாள். ராஜகுருவைப் பார்த்துச் சிரித்தாள்.

"அன்னைக்கு என் கையில குத்துனீகளே, அந்த ரத்தம் பத்தலையாக்கும்?"

ராஜகுரு மோரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹம்சவேணிதான் பேசினாள்.

"ரத்தம் பத்தாம இல்லைக்கா. அவர் ரத்தம்னு நினைச்சு உங்க ரத்தத்தைப் பார்த்துட்டோம். ரெண்டு பேர்கிட்டயும் இப்ப தனித்தனியா எடுத்துக்கலாமா?"

"எடுங்க, எடுங்க. இப்ப அவருக்குக் காப்பு இல்ல. இருந்தாலும் கண்ணை மூடிக்குவாரு பாருங்க. அருவா பிடிச்சு ஆடுற மனுசன், ஊசியைப் பாத்தா வெளிறிப் போவாரு."

"ஏய், வந்தவக முன்னால என்னடி பேச்சு," என்றார் பேயாண்டி. ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

ராஜகுரு இரண்டு குழாயிலும் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். ஹம்சவேணி, பேயாண்டியின் கண்ணின் வெள்ளையைப் பார்த்தாள். லேசாக மஞ்சள் தட்டியிருந்தது.

"மாத்திரை தவறாமப் போகுதா?"

"ஒரு நாள் தவறினதில்ல தாயி. காலையில விடிஞ்சதும், வெறும் வயித்துல. காலி டப்பாவைக் கொண்டாந்து உங்க ஆபீஸ்ல காட்டிட்டுத்தேன் அடுத்த டப்பா வாங்குறேன். ஒத்த மாத்திரை மிஞ்சிருக்கான்னு பாருங்க."

அது உண்மை. மாத்திரை எண்ணிக்கையில் பதினான்காம் எண்ணைவிட ஒழுங்கான ஆள் யாரும் இல்லை.

ஹம்சவேணி சின்னத்தாயின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு உடம்பு எப்படி இருக்குக்கா?"

"இப்பத்தேன் பாக்குறீகளே, கெணத்துல இருந்து இழுத்துத் தூக்கியாறேன். போன வருசம் இதே ஆடி மாசம் வந்திருந்தீகன்னா என்னையக் கட்டில்ல பாத்திருப்பீக. அவருக்கு இருக்குன்னு தெரிஞ்சதும் வீட்டுல எல்லாருக்கும் பாருங்கன்னாக. எனக்கும் இருந்துச்சு. எனக்கு முத்திப்போயிருச்சுன்னு சொன்னாக. கண்ணெல்லாம் மஞ்சள், வவுறு இம்புட்டு வீங்கிருச்சு, ஒரு வாய் கஞ்சி இறங்காது. கட்டிலோட தூக்கி வண்டியில வச்சுத்தேன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாக. தினம் ஒரு மாத்திரை, வருசக்கணக்குல வாங்கித் திங்கணும்னு சொல்லிட்டாக. எங்களால எங்க முடியும்?"

"அப்புறம் என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

சின்னத்தாய் காய்ந்துகொண்டிருந்த கடலையைக் காலால் தள்ளிவிட்டாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். ராஜகுரு கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார்.

பேயாண்டி, ஊசி குத்திய இடத்தில் இருந்த பஞ்சை எடுத்துத் தூர எறிந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"ஆம்பளைகளுக்கு மட்டுந்தேன்னு சொல்லிப்புட்டீக தாயி, அதேன் பேரும் ரத்தமும் நான் குடுத்தேன், மாத்திரையை அவ முழுங்குனா."